லேபிள் ஒட்டாத டப்பா

எங்கள் கம்பெனியின் வலைத்தளத்தில் ‘நாங்கள் வந்த பாதை’ என்று ஒரு பக்கம் இருக்கிறது. அதை எழுதியது நான்தான். மெட்டுகுடாவில் ஒரு சின்ன ஜிம்மில், வெளிநாட்டுப் புரோட்டீன் டப்பா வாங்க வசதியில்லாத பிள்ளைகளின் ஏக்கத்தைப் பார்த்து ஓர் இளைஞர் கனவு கண்டார் என்று அது ஆரம்பிக்கும். தூய்மையே எங்கள் பலம் என்று முடியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது எப்படி என்று யாருக்காவது பாடம் வேண்டுமானால் அந்தப் பக்கத்தைப் படிக்கலாம். இன்றைக்கும் அப்படியே இருக்கிறது, ஒரு வரிகூட மாற்றவில்லை.

அந்த இளைஞர் என் அத்தான், அக்காவின் கணவர். அவர் கனவு கண்டு நான் பார்த்ததில்லை. மத்தியானம் சாப்பிட்டதும் நன்றாகத் தூங்குவார், அதைப் பார்த்திருக்கிறேன்.

நடந்தது வேறு. அத்தான் ஒரு டயர் கடையின் மாடியில் ஜிம் நடத்திக்கொண்டிருந்தார். வெளிநாட்டு டப்பாக்களை எங்கிருந்தோ வரவழைத்து மேசைக்கு அடியில் வைத்து விற்பார். ஒரு நாள் ஒரு பையனுக்கு அந்தப் பொடியைக் குடித்து வயிறு கெட்டுப்போனது. அவனுடைய அப்பா டப்பாவோடு வந்து, உள்ளே இருப்பது போலிச் சரக்கு என்று மாடிப்படியில் நின்று கத்தினார். அன்று மாலை எங்கள் வீட்டுக்கு வந்த அத்தானுக்குச் சரியான கோபம். போலி விற்றுவிட்டோமே என்ற கோபம் என்றுதான் நினைத்தேன். அவருடைய கவலை வேறாக இருந்தது.

“உள்ள போடுறவன் எவனோ. ஏச்சு வாங்குறது நானா? அதுக்கு நாமளே போட்டா என்ன?”

கம்பெனி பிறந்தது அந்த வாக்கியத்தில்தான். வலைத்தளத்தில் அதை எழுத முடியுமா?

நான் அப்போது உணவுத் தொழில்நுட்பம் படித்து முடித்து வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்தேன். ரயில்வே வேலைக்காக எங்களை இந்தத் தெலுங்கு ஊருக்குக் கூட்டிவந்த அப்பா இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ரயில்வே குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, மெட்டுகுடாவிலேயே ஒரு சந்தில் அம்மா, நான், தம்பி மூவரும் இருந்தோம். அக்கா திருமுல்கேரியில் அத்தானோடு இருந்தாள். என் படிப்பு அத்தானுக்குக் கைக்கு எட்டிய கனியாக இருந்தது. பாலாடைக்கட்டி செய்தபின் மிஞ்சுகிற தண்ணீரைக் காயவைத்து எடுக்கும் புரதப் பொடி மூட்டை மூட்டையாக வரும். அதில் கோக்கோவும் இனிப்பும் சேர்த்துக் கலக்க வேண்டும். அக்காவின் மூத்த மகளைக் குளிப்பாட்டிய பிளாஸ்டிக் தொட்டியைக் கழுவிக் காயவைத்து, அதில்தான் முதல் கலவை போட்டேன். ரவை சலிக்கும் சல்லடையில் சலித்தேன். ஜன்னல் கம்பி, அம்மாவின் பைபிள் அட்டை, தலையணை எல்லாவற்றிலும் வெள்ளைத் தூசி. எறும்புக்கு எங்கள் வீடு கல்யாண வீடாகிப்போனது.

குடித்துப் பார்ப்பதற்குத் தம்பி இருந்தான். அவன் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டே எடை தூக்கப் போவான். எத்தனை டம்ளர் கொடுத்தாலும் குடிப்பான். முதல் நான்கு கலவைகளும் அவன் வயிற்றில்தான் பரீட்சை எழுதின. மூன்று தேறவில்லை. நான்காவதைக் குடித்துவிட்டு ஆமாமென்று தலையாட்டி, “ஹவ் சின்னக்கா, இது சரியா இருக்கு” என்றான். அதுதான் இன்றுவரை கம்பெனியின் சாக்லேட் புரோட்டீன். அவன் பேரும் அந்தப் பக்கத்தில் இல்லை.

அதன் பிறகு மௌலாலி பக்கம் ஒரு ஷெட் எடுத்தோம். பெரிய கலக்கும் இயந்திரம் வந்தது. லைசென்ஸ் வாங்கப் படித்த ஆள் ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும் என்பதால் என் பட்டத்தைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினார் அத்தான். தரத்துக்குப் பொறுப்பு நான். ‘குவாலிட்டி மேடம்’ என்று பாக்கிங் செய்யும் பெண்கள் கூப்பிட்டபோது எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பொடி கலக்கும் இயந்திரத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவக்கூடாது. முதல் வருடம் ஆடி மழையில் நாங்கள் கழுவினோம். உள்ளே எங்கோ ஈரம் தங்கிப்போய், அடுத்த கலவை முழுவதும் கட்டி தட்டிச் சுவர்ப்பூச்சு மாதிரி வெளியே வந்தது. அதற்குப் பிறகு உலர் கழுவல்தான். ஒரு கலவை முடிந்ததும், ருசியும் மணமும் இல்லாத மாவுச்சத்துப் பொடியை ஒரு மூட்டை உள்ளே கொட்டிக் கால் மணி நேரம் ஓட விடவேண்டும். இண்டு இடுக்கில் ஒட்டியிருப்பதை எல்லாம் அது துடைத்துக்கொண்டு வரும். அந்தப் பொடியைத் தூர எறிந்துவிட வேண்டும். அதுதான் முறை. பாடப்புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது.

நான் எறியவில்லை.

இதை யாரும் என் தலையில் கட்டவில்லை. யோசனை என்னுடையது. அரிசி கழுவின தண்ணீரையே கொட்டாமல் மாட்டுக்கு எடுத்து வைக்கிற வீட்டில் வளர்ந்தவள் நான். ஒரு மூட்டை நல்ல மாவு, அதில் ஒட்டியிருப்பது எங்களுடைய சாக்லேட்டோ வெனிலாவோதான். அதைச் சாக்கடையில் கொட்ட மனசு வரவில்லை. உடம்பு ஏறவேண்டிய பிள்ளைகளுக்கு விற்கும் பொடியில் பாதிக்குமேல் இந்த மாவுதானே? கழுவலில் கொஞ்சம் புரதப் பொடியும் கோக்கோவும் சேர்த்து, நீல மூடி போட்ட டப்பாக்களில் அடைத்தேன். விற்பனைக்கு இல்லாததால் லேபிள் ஒட்டவில்லை. வீட்டு டப்பா என்று அதற்குப் பெயர் வந்தது. சர்ச் வாலிபர் சங்கத்துப் பையன்களுக்கு, நோயில் விழுந்து எழுந்தவர்களுக்கு, எல்லோருக்கும் முன்னால் தம்பிக்கு. நம் ஆட்களுக்குச் சும்மா கொடுக்கிறோம் என்று அம்மா சர்ச்சில் சொல்லிக்கொள்வாள். அத்தான் என் சிக்கனத்தைப் பாராட்டினார். அவர் என்னைப் பாராட்டிய ஒரே விஷயம் அதுதான்.

அப்போது அதில் ஒரு கெடுதலும் இல்லை. இயந்திரத்தில் எங்கள் சரக்கைத் தவிர வேறு எதுவும் ஓடவில்லை.

அப்புறம்தான் ஜாப் ஒர்க் வந்தது. வெளியூர்ப் பார்ட்டிகள் தங்கள் பொடியை எங்களிடம் கொடுத்துக் கலக்கச் சொல்வார்கள், டப்பாவில் அவர்கள் லேபிள் ஏறும். அதில் ஒரு பார்ட்டி, உடற்பயிற்சிக்கு முன்னால் குடிக்கிற பொடி. டப்பாவில் வாயைப் பிளந்த சிங்கம். அதற்குள் போடும் சாமான்கள் பெயர் இல்லாமல் நம்பர் மட்டும் எழுதின பைகளில் வரும். அதில் ஒரு பை, எங்கள் ஷெட்டில் எல்லாப் பொடியையும் மொய்க்கிற எறும்பு சீண்டாத பை. அதைக் கொட்டும் நாளில் பாக்கிங் பெண்கள் முகம் சுள்ளென்று குத்துகிறது, நெஞ்சு படபடக்கிறது என்பார்கள்.

“இது என்னது அத்தான்?” என்று கேட்டேன்.

“பார்ட்டியோட ஃபார்முலாம்மா. கலக்குறது நம்ம வேலை. கேக்குறது நம்ம வேலையா?”

நான் அந்தப் பெண்களுக்கு மூக்கு மூடி வாங்கிக் கொடுத்தேன். தரத்துக்குப் பொறுப்பானவள் செய்த காரியம் அவ்வளவுதான். சிங்கப் பொடி ஓடி முடிந்ததும் வழக்கம்போல ஒரு மூட்டை மாவு போட்டுத் துடைத்தார்கள். வழக்கம்போல அதை எடுத்து வைத்தார்கள். வழக்கம்போல வீட்டு டப்பா ஆனது. நிறுத்து என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பழக்கம் என்பது கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவது. எந்தக் கலவைக்குப் பின் எந்தக் கழுவல், அது எங்கே போனது என்று கழுவல் பதிவேட்டில் அழகாக எழுதி, நாள்தோறும் கையெழுத்தும் போட்டேன்.

தம்பி அதற்குள் எடை தூக்கியே லாலாகுடா ரயில்வே பட்டறையில் வேலை வாங்கி, அங்கேயே குவார்ட்டர்ஸ் அறைக்குப் போய்விட்டான். விளையாட்டு ஒதுக்கீடு. காலையில் பயிற்சி, பிறகு பட்டறை, சாயங்காலம் மறுபடி பயிற்சி. மேல் எடைப் பிரிவுக்கு மாற வேண்டும் என்று அவனுடைய பயிற்சியாளர் சொன்னதால் உடம்பை ஏற்றிக்கொண்டிருந்தான். மாதம் இரண்டு வீட்டு டப்பா போகும். அவன் எவ்வளவு ஜாக்கிரதையான ஆள் என்பதைச் சொல்ல வேண்டும். சளி பிடித்தால் மாத்திரை போடமாட்டான். இருமல் மருந்தின் அட்டையைப் போட்டோ எடுத்து டாக்டருக்கு அனுப்பிக் கேட்டபிறகுதான் மூடியைத் திறப்பான். பிரியாணிக் கடையில் கூட்டாளி நீட்டின குளிர்பானத்தைக்கூட நக்கோ, வேண்டாம் என்று தள்ளிவிடுவான். வீட்டு டப்பாவை மட்டும் அவன் யாரிடமும் கேட்கவில்லை. அக்கா கொடுத்ததை என்னவென்று கேட்பான்?

ஒரு போட்டி முடிந்து சிறுநீர்ச் சோதனைக்கு எடுத்தார்கள். சில வாரம் கழித்து ஒரு மத்தியானம், பட்டறை உடுப்போடு சைக்கிளில் எங்கள் வீட்டுக்கு வந்தான். போனை என் கையில் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். தடை செய்யப்பட்ட ஊக்கமருந்து அவன் உடம்பில் இருந்ததாக ஒரு கடிதம். அன்று முதல் போட்டியிலும் முகாமிலும் கலந்துகொள்ளக் கூடாது, எப்படி வந்தது என்று விளக்கம் தரவேண்டும், தராவிட்டால் நான்கு வருடத் தடை.

“நான் ஒண்ணும் எடுக்கல சின்னக்கா.”

“தெரியும்டா.”

“கோச் என்னைப் பாக்க மாட்டேங்கிறாரு. பட்டறையில ஒருத்தன் ஊசிக்காரன்னு கூப்பிட்டான். எனக்கு இருபத்தாறு. நாலு வருசம் கழிச்சு யாரு என்னைத் தூக்க விடுவா?”

அந்த ஒரு மாதம் என்னென்ன சாப்பிட்டான் என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னேன். முட்டை, கறி, அம்மா கொடுத்தனுப்பிய இட்லிப்பொடி என்று சொல்லிக்கொண்டே வந்தான். கடைசியில், எண்ணிக்கையில் சேர்க்கக்கூட வேண்டாத ஒன்றாக, “அப்புறம் நம்ம டப்பா” என்றான்.

மறுநாள் ஷெட்டில் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். பார்க்காமலே தெரிந்ததைத்தான் பார்த்தேன். சிங்கப் பொடிக்குப் பின் வந்த கழுவல், இத்தனை டப்பா வீட்டுக்கு, கீழே என் கையெழுத்து. அவன் அறையில் மிச்சம் இருந்த பொடியைத் தனியார் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினேன். கடிதத்தில் இருந்த அதே மருந்தின் பெயர் அறிக்கையில் வந்தது. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தம்பியிடம் சொன்னேன். இயந்திரத்தில் சிங்கப் பொடி ஓடியது, அதன் மிச்சம் உன் டப்பாவில் வந்துவிட்டது, அத்தான் கண்ட கண்ட சரக்கைக் கலக்க ஒப்புக்கொண்டதால் வந்த வினை என்று சொன்னேன். எல்லாம் உண்மை. கழுவலை எடுத்து வைக்கும் யோசனை யாருடையது என்று மட்டும் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

கம்பெனி ஒரு கடிதம் கொடுத்தால் போதும். எங்கள் இடத்தில் கலப்பு நடந்தது, இவன் அறியாமல் குடித்தான் என்று கம்பெனி எழுதிக் கொடுத்தால், தடை மிகவும் குறையும் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டோம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நானும் அம்மாவும் திருமுல்கேரிக்குப் போனோம். அத்தான் சோபாவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். அறிக்கையை வாங்கிப் படித்தார். பிறகு அவர் சொன்னதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

“டப்பாவுல லேபிள் இருந்துச்சா?”

“வீட்டு டப்பா அத்தான். லேபிள் எங்க இருக்கும்?”

“லேபிள் இல்லாதது என் கம்பெனிச் சரக்கு இல்லம்மா. ஹவ், அவன் என் மச்சினன்தான், இல்லேங்கல. ஆனா கம்பெனி வேற, குடும்பம் வேற.”

சும்மா கொடுக்கும்போது குடும்பம். பதில் சொல்லும்போது கம்பெனி. எனக்கு அந்த இடத்திலேயே டீக்கோப்பையைத் தூக்கி எறியவேண்டும்போல இருந்தது. “உங்க முதல் டப்பாவை அவன் வயித்துல வச்சுத்தானே சோதிச்சீங்க” என்று கத்தினேன். அக்கா சமையல்கட்டிலிருந்து ஓடிவந்து கதவைச் சாத்தினாள், அக்கம்பக்கத்தில் கேட்கும் என்று. அவளுடைய சின்ன மகள் தெலுங்கில், “மம்மி, மாமய்ய ஏம் சேசாடு?” என்று கேட்டாள். மாமா என்ன செய்தார் என்று. அக்கா அழுதாள். லைசென்ஸ் போனால் பிள்ளைகள் என்ன செய்வார்கள், இந்த வீட்டுக்கு மாதாமாதம் கட்டுவது யார் என்று கேட்டாள். என் தம்பி என்ன செய்வான் என்று அவள் கேட்கவில்லை. அவனுக்கும் அவள்தானே அக்கா?

திரும்பும்போது ஆட்டோவில் அம்மா மெதுவாக ஆரம்பித்தாள்.

“ஏட்டி, அவன் ஒத்த ஆளு. தாங்கிக்கிடுவான். அங்க நாலு பேரு இருக்காவ.”

“எண்ணிக்கை பார்த்தா பிள்ளை பெத்த நீ?” என்று கேட்டுவிட்டேன். அம்மாவை அப்படி நான் பேசியதில்லை. அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வெளியே பார்த்தாள். ஆட்டோக்காரர் கண்ணாடியைத் திருப்பி வைத்தார்.

நானே கடிதம் எழுதினேன். கம்பெனித் தாளும் முத்திரையும் என் பொறுப்பில்தான் இருந்தன. கலவை எண், கழுவல் எண், பரிசோதனை அறிக்கை எல்லாம் வைத்தேன். ‘நிறுவனத்தின் கவனக்குறைவால்’ என்று எழுதினேன். ‘ஊழியர்களின் பழக்கத்தால்’ என்று எழுதினேன். தவறு செய்தவர் எவர் என்று யாரும் கண்டுபிடிக்க முடியாதபடி வாக்கியங்களை வளைப்பது எனக்குக் கைவந்த கலை. அந்தக் கடிதத்தில் ‘நான்’ என்பது ஒரே இடத்தில்தான் வந்தது, கையெழுத்துக்கு மேலே, நான் அறிந்தவரை இது உண்மை என்று. அதைத் தம்பியிடம் கொடுத்து, விளக்கத்தோடு சேர்த்து அனுப்பிவிடு என்றேன். இரண்டு நாள் கழித்து, “அனுப்பிட்டியா?” என்று கேட்டேன். “ம்” என்றான்.

விசாரணை வீடியோவில் நடந்தது. லாலாகுடாவில் அவனுடைய குவார்ட்டர்ஸ் அறையில், கட்டிலை நகர்த்திவிட்டு, சுவரில் தொங்கிய மெடல்களைக் கழற்றிவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு மடிக்கணினி முன்னால் உட்கார்ந்தான். நான் படத்தில் விழாதபடி ஓரமாகக் கதவருகே நின்றேன். திரையில் விசாரணைக் குழுவின் மூன்று பேர். மரியாதையாகத்தான் கேட்டார்கள். இந்த மருந்து உங்கள் உடம்புக்குள் எப்படி வந்தது என்று நினைக்கிறீர்கள்?

“ஒரு பொடி குடிச்சேன் சார். அதுல இருந்திருக்கும்.”

எங்கே வாங்கினீர்கள்?

தம்பி மேசை இழுப்பறையை ஒரு தரம் பார்த்தான். பிறகு, “மார்க்கெட்ல சார். கடை ஞாபகம் இல்ல” என்றான்.

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. கடிதத்தை அவன் அனுப்பவே இல்லை. அது மேசை இழுப்பறையில், நான் கொடுத்த உறையிலேயே இருந்திருக்கிறது. அம்மா வந்திருக்கிறாள். அக்காவையும் கூட்டிக்கொண்டு, அந்த அறைக்கே வந்து, இதே கட்டிலில் உட்கார்ந்து, குடும்பத்தைக் காட்டிக்கொடுத்துவிடாதே என்று கேட்டு வாக்கு வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள். அது எனக்குப் பிறகு தெரிந்தது. அந்த நேரத்தில் தெரிந்ததெல்லாம், திரையில் இருந்த பெண்மணி முகத்தைத் தொங்கப்போட்டு எதையோ குறித்துக்கொண்டது மட்டும்தான். கடை ஞாபகம் இல்லை என்று சொல்கிற எத்தனையோ பேரை அவர் பார்த்திருப்பார்.

நான் நடந்துபோய் தம்பியின் தோளுக்குப் பக்கத்தில் குனிந்தேன். “நக்கோ சின்னக்கா” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். நான் கேட்கவில்லை. நான் இவனுடைய அக்கா, அந்தப் பொடி தயாரான இடத்தில் தரத்துக்குப் பொறுப்பு நான் என்று சொன்னேன். சாட்சிப் பட்டியலில் நீங்கள் இல்லை என்றார்கள். எழுதியும் தருகிறேன், இப்போது கேளுங்கள் என்றேன். உலர் கழுவலைச் சொன்னேன். டப்பாவைச் சொன்னேன். எறிய வேண்டிய பொடியை ஏன் எடுத்து வைத்தீர்கள், அது யாருடைய உத்தரவு என்று அந்தப் பெண்மணி கேட்டார்.

வளைத்துச் சொல்ல எத்தனையோ வாக்கியம் இருந்தது என்னிடம். “யாரும் உத்தரவு போடவில்லை. என்னுடைய யோசனை. நான்தான் ஆரம்பித்தேன்” என்றேன்.

சொல்லும்போது திரையின் மூலையில் எங்கள் இரண்டு பேர் முகமும் சின்னதாகத் தெரிந்தது. தம்பி கேமராவைப் பார்ப்பதை விட்டுவிட்டு என்னைப் பார்த்தான்.

அதற்கு அடுத்த வாரம் எல்லாத் தாளையும், பதிவேட்டின் நகலையும் எழுத்தில் கொடுத்தேன். ‘நிறுவனம்’ ‘ஊழியர்கள்’ எதுவும் இல்லாமல், நான் செய்தேன், நான் கொடுத்தேன் என்று எழுதினேன். முதலில் பொய் சொன்னதற்காகத் தம்பியைக் கடிந்துகொண்டார்கள். நான்கு வருடத் தடை எட்டு மாதமாகக் குறைந்தது. அதில் பாதி ஏற்கெனவே கழிந்திருந்தது. வேலை போகவில்லை. கோச் ஒரு நாள் பட்டறை வாசலில் நின்று அவனைக் கூப்பிட்டார்.

உப்புத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்பார்கள். எங்கள் கதையில் உப்புத் தின்றவருக்குத் தாகமே எடுக்கவில்லை. அதிகாரிகள் ஷெட்டைப் பார்க்க வருவதற்கு முன்பே சிங்கப் பொடி வேறு ஒருவர் பெயரில் வேறு ஒரு ஷெட்டுக்குப் போய்விட்டது. என்னை வேலையைவிட்டு எடுத்துவிட்டதாகவும், தவறு செய்த ஊழியர்மேல் நடவடிக்கை எடுக்கப்பட்டதாகவும் அத்தான் எழுதிக் கொடுத்தார். சுவரில் இப்போது வேறொரு பெண்ணின் பட்டம் தொங்குகிறது. அவளைப் பார்த்தால் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. போன் செய்தேன், எடுக்கவில்லை. அக்கா சர்ச்சில் தூணுக்கு அந்தப் பக்கம் உட்காருகிறாள். போதகர் மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் செய்யும் நாளில் அம்மா என் முழங்கையை இடிக்கிறாள், அத்தானிடம் போய்ப் பேசு என்று. நான் அசைவதில்லை. என்னுடைய பங்கை நான் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அவருடைய பங்கை அவர் சொல்லட்டும்.

இவ்வளவு கோபத்தையும் நான் வைத்துச் சமாளித்துவிடுவேன். அத்தான்மேல், அக்காமேல், அம்மாமேல், என்மேல், யார்மேல் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். ஒன்றுதான் சமாளிக்க முடியவில்லை.

அன்று விசாரணை முடிந்து திரையை மூடியதும் தம்பி என்னைத் திட்டவில்லை. “மூணு மாசமா அத்தானைத்தான ஏசிட்டு இருந்த. கைக்கு? ஏன் இத முன்னாடியே சொல்லல?” என்று மட்டும் கேட்டான். நான் அவன் கழற்றி வைத்த மெடல்களை மறுபடி சுவரில் மாட்ட ஆரம்பித்தேன். அவன் மறுபடி கேட்கவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வழக்கம்போல எங்கள் வீட்டுக்கு வருகிறான். பேசுகிறான், சிரிக்கிறான், என் போனில் ஏதாவது கெட்டுப்போயிருந்தால் சரிசெய்து கொடுக்கிறான். மறுபடி பயிற்சி ஆரம்பித்துவிட்டது, மேல் எடைப் பிரிவில் பேர் கொடுத்திருக்கிறான்.

போன வாரம் அவனுக்குப் பிடிக்குமே என்று கறிக்குழம்பு வைத்தேன். அம்மாவுக்கு முழங்கால் வலி, சமையல் இப்போது என்னுடையதுதான். தட்டை எடுத்து வைத்தேன்.

“நக்கோ, வயிறு ஃபுல்” என்றான்.

“ஏல, அக்கா ஆக்குனது, ரெண்டு வாய் தின்னேன்” என்றாள் அம்மா.

அவன் சிரித்துக்கொண்டே பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தான். கடையில் வாங்கின புதுப் பாட்டில். மூடியைத் திருகும் முன்னால் அதன் சீல் உடையாமல் இருக்கிறதா என்று விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தான். நான் பார்ப்பது தெரிந்தும் தடவினான். ஊரில் யார் கையிலிருந்தும் எதையும் வாங்காதவன், என் கையிலிருந்து மட்டும் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டிருந்தான். இப்போது என்னிடமும் வாங்குவதில்லை. அவன் செய்வது சரி. எடை தூக்குகிறவன் அப்படித்தான் இருக்க வேண்டும். நானே தரத்துக்குப் பொறுப்பாக இருந்தாலும் அதைத்தான் சொல்லுவேன்.

குழம்புச் சட்டியை மூடி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். அம்மாவும் நானும் சாப்பிட்டோம், அவன் எதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தான்.